உங்கள் பைலோடு வாருங்கள்!
கல்லூரிப் பயிற்சி வகுப்புகளிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் சில பாடங்கள்

கல்லூரிகளில் ஆசிரியர்களுக்கும் அலுவலக ஊழியர்களுக்கும் கம்ப்யூட்டர் பயிற்சி நடத்துவது வழக்கமாகிவிட்டது. மூன்று நாள் அல்லது ஐந்து நாள் வகுப்பு, கடைசி நாளில் ஒரு குரூப் போட்டோ, ஆளுக்கொரு சான்றிதழ். அடுத்த திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் பலரும் பழைய இடத்திலேயே நிற்பார்கள். மதிப்பெண் பட்டியல் தயாரிக்க லேப் அசிஸ்டென்ட்டைத் தேடுவார்கள். புரஜெக்டரை இயக்க ஒரு மாணவனைக் கூப்பிடுவார்கள். ஏன் இப்படி? இத்தகைய வகுப்புகளைப் பல ஆண்டுகளாக நடத்தி வருபவன் என்ற முறையில், நான் கண்ட காரணத்தையும் அதற்கான வழியையும் இங்கு தருகிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி வீட்டில் வைத்திருக்கும் உங்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

மெனு வேறு, வேலை வேறு

பெரும்பாலான பயிற்சிகள் பைல் மெனுவில் தொடங்கி ஹெல்ப் மெனுவில் முடிகின்றன. பயிற்சியாளர் ஒரு மாதிரிப் பட்டியல் வைத்திருப்பார். அதில் பத்துப் பெயர்கள், பத்து மதிப்பெண்கள். எல்லாம் ஒழுங்காக இருக்கும், எல்லாம் சரியாக வரும். ஆனால் பேராசிரியரின் கையில் இருக்கும் பட்டியல் அப்படிப்பட்டதல்ல. அதில் அறுபது பேர் இருப்பார்கள். பதிவு எண் 12 இலக்கம் இருக்கும். இருவர் தேர்வுக்கு வரவில்லை. ஒருவர் பாதியில் கல்லூரியை விட்டே போய்விட்டார். மாதிரிப் பட்டியலில் கற்றது இந்தப் பட்டியலிடம் தோற்றுப் போகிறது. "சார், இதை எங்க பையனை விட்டே செஞ்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விடுகிறார்.

எனவே என் வகுப்புகளில் இரண்டே விதிகள். ஒன்று, எல்லாரும் தங்கள் சொந்த பைலைப் பென் டிரைவில் கொண்டு வர வேண்டும். வருகைப் பதிவு, உள்மதிப்பீட்டு மதிப்பெண், உதவித்தொகைப் பட்டியல், பாடக் குறிப்பு என எதுவானாலும் சரி. இரண்டு, யாரும் அடுத்தவர் மவுஸைத் தொடக் கூடாது. உதவ வருபவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்ல வேண்டும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. முப்பது ஆண்டுகள் கரும்பலகை முன் நின்று பாடம் நடத்தியவருக்கு, தன்னிடம் படித்தவர்கள் முன்னால் "இது எனக்குத் தெரியவில்லை" என்று சொல்வது எளிதல்ல. ஆனால் அவருடைய பைலில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. அதைத் திறந்து வைத்தவுடன் அவர் கேள்வி கேட்கத் தயங்குவதில்லை. 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது, அதுவரை இமெயிலைக்கூடப் பிறரைக் கொண்டு அனுப்பிய பேராசிரியர்கள் சிலர் இரண்டே வாரத்தில் கூகுள் மீட், கூகுள் கிளாஸ்ரூம் இரண்டையும் பழகிக்கொண்டதைப் பார்த்தேன். யாரும் சான்றிதழ் தரவில்லை. மறுநாள் காலை அவர்களுடைய வகுப்பு இருந்தது, அவ்வளவுதான்.

எண்ணை மாற்றிவிடும் எக்ஸெல்

சொந்த பைலைத் திறந்தால்தான் சில ஆபத்துகள் கண்ணில் படும். கல்லூரி அலுவலகங்களில் நான் முதலில் பார்க்கச் சொல்வது உதவித்தொகைப் பட்டியலைத்தான். மாணவர்களின் வங்கிக் கணக்கு எண் அதில் இருக்கும். எக்ஸெல் ஓர் எண்ணில் முதல் 15 இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். கணக்கு எண் 16 இலக்கமாக இருந்து, கடைசி இலக்கம் 7 என்றால், அது 0 ஆகிவிடும். 0 என்று தொடங்கும் கணக்கு எண்ணில் முன்னால் உள்ள 0 காணாமல் போகும். எக்ஸெல் எந்த எச்சரிக்கையும் தராது. பணம் ஏன் வரவில்லை என்று ஓர் ஏழை மாணவி பல மாதம் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் நடக்க இந்த ஓர் இலக்கம் போதும்.

இதைத் தடுப்பது எளிது. எண்களை அமைக்கும் முன் அந்த நெட்டு வரிசையைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்திடவும். கிடைக்கும் மெனுவில் பார்மட் செல்ஸ் என்பதனைக் கிளிக் செய்திடவும். நம்பர் டேபில் டெக்ஸ்ட் என்பதனைத் தேர்ந்தெடுத்து ஓகே கிளிக் செய்து வெளியேறவும். இனி நீங்கள் டைப் செய்வது அப்படியே இருக்கும். நினைவிருக்கட்டும்: எண்களை அமைத்த பிறகு டெக்ஸ்ட் என மாற்றினால், போன இலக்கம் திரும்ப வராது. மீண்டும்தான் டைப் செய்ய வேண்டும். 12 இலக்கப் பதிவு எண்ணும் ஆதார் எண்ணும் புள்ளி வைத்த ஏதோ ஒரு சூத்திரம் போலத் தெரிவதும் இந்த வழியில் சரியாகும்.

அடுத்தது சார்ட். மதிப்பெண்களை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால், மதிப்பெண்கள் நகரும். பெயர்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒருவர் மதிப்பெண் இன்னொருவருக்குப் போய்விடும். எக்ஸெல் இங்கு எச்சரிக்கை தந்து, எக்ஸ்பாண்ட் த செலக்ஷன் என்ற பிரிவைக் காட்டும். அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று சிலர் நடுவில் ஒரு நெட்டு வரிசையைக் காலியாக விடுகிறார்கள். பட்டியல் அதோடு முடிந்துவிட்டது என்று எக்ஸெல் எடுத்துக்கொள்ளும். எனவே காலி வரிசைகளை முதலில் நீக்குங்கள். பிறகு பட்டியலுக்குள் ஏதாவது ஒரு செல்லில் கர்சரை வைத்து, கண்ட்ரோல் கீயுடன் டி கீயை அழுத்தி அதை டேபிளாக மாற்றிவிடுங்கள். அதன் பின் எந்தத் தலைப்பில் சார்ட் செய்தாலும் முழு வரிசையும் சேர்ந்தே நகரும்.

உள்மதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண் என்றால், 52 என்று தவறாக டைப் செய்வதையும் தடுக்கலாம். டேட்டா டேபில் டேட்டா வாலிடேஷன் சென்று, ஹோல் நம்பர் என்பதனைத் தேர்ந்தெடுத்து, 0 முதல் 25 வரை என்று அமைத்திடவும். இதை மீறும் எண்ணை எக்ஸெல் ஏற்காது. ஆனால் வேறு இடத்திலிருந்து காப்பி செய்து பேஸ்ட் செய்தால் இந்தக் காவல் வேலை செய்யாது.

தேர்வுக்கு வராதவருக்கு 0 போடாமல், செல்லைக் காலியாக விடுங்கள். ஐந்து பேரில் நால்வர் 20, 18, 22, 16 வாங்கி, ஒருவர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். காலியாக விட்டால் சராசரி 19. அங்கே 0 போட்டால் 15.2. வகுப்பே பின்தங்கியது போலத் தோன்றும். வீட்டுச் செலவுக் கணக்கிலும் இதே விதிதான்.

வகுப்பறையில் கைகொடுக்கும் கீகள்

அறுபது மாணவர்கள் காத்திருக்க, திரையில் எதுவும் வராமல் ஆசிரியர் தடுமாறும் அந்த ஐந்து நிமிடம் கொடுமையானது. அதற்குப் பயந்தே பலர் புரஜெக்டர் பக்கம் போவதில்லை. சில கீகளைப் பழகினால் இந்தப் பயம் பெரும்பாலும் போய்விடும்.

புரஜெக்டரை இணைத்தும் படம் வரவில்லையா? விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு, புரஜெக்ட் என்ற சொல்லின் முதல் எழுத்தான பி கீயை அழுத்தவும். நான்கு பிரிவுகள் கிடைக்கும். டூப்ளிகேட் என்பதனைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் திரையில் உள்ளதே சுவரிலும் தெரியும்.

பவர்பாயின்ட்டில் எப் 5 அழுத்தினால் முதல் ஸ்லைடிலிருந்து காட்சி தொடங்கும். ஷிப்ட் கீயுடன் எப் 5 அழுத்தினால் நீங்கள் இருக்கும் ஸ்லைடிலிருந்து தொடங்கும். நேற்று விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர இது வசதி. ஏழாவது ஸ்லைடுக்குப் போக வேண்டுமானால், காட்சியின் நடுவிலேயே 7 அழுத்தி என்டர் தட்டவும்.

இவற்றில் ஆசிரியர்கள் மிகவும் விரும்புவது, பிளாக் என்ற சொல்லின் முதல் எழுத்தான பி கீ. காட்சியின்போது இதனை அழுத்தினால் திரை கறுப்பாகிவிடும். மாணவர்களின் கண் உடனே ஆசிரியர் பக்கம் திரும்பும். சொல்ல வேண்டியதைச் சொல்லி, கரும்பலகையில் எழுத வேண்டியதை எழுதி முடித்து, மீண்டும் அதே கீயை அழுத்தினால் ஸ்லைடு திரும்பிவிடும். கம்ப்யூட்டர் வந்தால் ஆசிரியருக்கு வேலை இல்லை என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு கீயைக் காட்டலாம்.

வகுப்புக்குப் போகும் முன் இரண்டு காரியங்கள் செய்யுங்கள். ஸ்லைடுகளை பி.டி.எப். ஆகவும் ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அனிமேஷன் இருக்காது, ஆனால் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். அடுத்து, வீடியோவை லிங்க்காக வைக்காமல் பைலாகவே கொண்டு போங்கள். இன்டர்நெட் நம் வகுப்பு நேரம் பார்த்து வேலை செய்வதில்லை.

தமிழ்ப் பாடக் குறிப்புகள் தப்புமா?

தமிழ்த் துறைப் பேராசிரியர்களின் பென் டிரைவில் எப்போதும் ஒரு சோகம் இருக்கும். பத்து இருபது ஆண்டுகளாக டைப் செய்து வைத்த குறிப்புகள், புதிய கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் குவிந்து கிடக்கும். பைல் கெட்டுப் போகவில்லை. அந்தக் காலத் தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் எழுத்துகளின் வடிவத்தை வைத்திருந்தன. ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய வரிசையில் வைத்தது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர், உள்ளே இருக்கும் ஆங்கிலத்தைக் காட்டுகிறது.

இதற்கு ஒரு பொது ஒழுங்கு வேண்டும் என்றுதான் 1999ல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. தமிழ் 99 கீபோர்டு அங்கிருந்து வந்ததே. பின்னர் 2010ல் தமிழக அரசு யூனிகோட் முறையைத் தரமாக ஏற்றது. இன்று மொபைல் போனில் நாம் படிக்கும் தமிழும் யூனிகோட்தான்.

பழைய குறிப்புகளை மீட்க, முதலில் அந்தப் பைல் எந்த எழுத்துருவில் உள்ளது என்று பாருங்கள். வேர்டில் திறந்து, வரிகளில் கர்சரை வைத்தால் எழுத்துருவின் பெயர் மேலே தெரியும். அதைக் குறித்துக்கொண்டு, எழுத்துரு மாற்றி மென்பொருளில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து யூனிகோடுக்கு மாற்றலாம். மாற்றியதை ஒருமுறை படித்துத் திருத்துங்கள். மூலப் பைலை அழிக்க வேண்டாம். இன்னும் நடக்காத தேர்வின் வினாத்தாளை மட்டும் எந்த இணையதளத்திலும் பேஸ்ட் செய்து மாற்றாதீர்கள்.

புதிதாக டைப் செய்பவர்கள், விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் சென்று டைம் அண்ட் லாங்வேஜ் பிரிவில் தமிழைச் சேர்த்து, தமிழ் 99 கீபோர்டைத் தேர்ந்தெடுக்கலாம். உயிர் எழுத்துகள் இடது கையிலும் மெய் எழுத்துகள் வலது கையிலும் அமைந்திருப்பதால் பழகுவது எளிது. விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம்.

பொதுக் கம்ப்யூட்டர் என்பதை மறக்காதீர்கள்

வகுப்பறையிலும் ஸ்டாப் ரூமிலும் உள்ள கம்ப்யூட்டர் பலர் கை படுவது. அதில் ஜிமெயில் திறந்தால், வெளியேறும்போது சைன் அவுட் செய்திடவும். பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று பிரவுசர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டு நிமிடம் எழுந்து போவதானாலும் விண்டோஸ் கீயுடன் எல் கீயை அழுத்தித் திரையைப் பூட்டிவிட்டுப் போங்கள். வினாத்தாள் வெளியே போக நீண்ட நேரம் தேவையில்லை.

தனியாகக் கற்க

பயிற்சி வகுப்புக்குப் போக முடியாதவர்களுக்கு ஐ.ஐ.டி. பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் நல்ல துணை. ஏறத்தாழ பத்து நிமிட வீடியோக்கள்; தமிழிலும் கிடைக்கின்றன; கட்டணம் இல்லை. இதில் எனக்குப் பிடித்தது அவர்கள் சொல்லும் முறை. திரையின் ஒரு பாதியில் வீடியோவை ஓட விட்டு, மறு பாதியில் அதே வேலையை நீங்களும் செய்ய வேண்டும். சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் நீச்சல் வராது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பாடங்களையே கேட்க விரும்புவோர், ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல்., 2017ல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம் ஆகிய தளங்களைப் பார்க்கலாம்.

நீங்கள் ஆசிரியராக இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்களிடமும் ஒரு சொந்த பைல் இருக்கும். குழு சேமிப்புக் கணக்கு, கடை பாக்கிப் பட்டியல், மகளின் திருமண அழைப்பு முகவரிகள், அப்பா எழுதி வைத்த குறிப்புகள் என ஏதோ ஒன்று. இந்த வாரம் அதைத் திறந்து, ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டு, அதில் ஒரே ஒரு வேலையை உங்கள் கையாலேயே முடித்துப் பாருங்கள். செய்த வழியை ஒரு நோட்டில் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடும் முன், அந்த நோட்டைப் புரட்டுங்கள்.