மணலுக்குள் பதுங்கும் மழை

இரண்டு பருவமழைகளுக்கு இடையே கூரை போடும் எல்லைக் கிராமங்களில் ஆபத்து மேலிருந்து மட்டும் வருவதில்லை

விடிந்தும் விடியாத நேரம். சிமென்ட் மூட்டைகள் தார்ப்பாய்க்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன. மணலும் ஜல்லியும் இரவு முழுக்க நனைந்து வெளியே கிடக்கின்றன. கலவை இயந்திரம் வந்தாயிற்று, ஆட்களும் வந்தாயிற்று. வீட்டுக்காரர் வானத்தைப் பார்க்கிறார், கொத்தனார் வீட்டுக்காரரைப் பார்க்கிறார். போடுவதா, தள்ளிவைப்பதா? பாறசாலைக்கும் வெள்ளறடைக்கும் இடைப்பட்ட குன்னத்துகால் வட்டாரத்தில் இது பழகிப்போன காட்சி.

1956இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா தமிழகத்துக்கு வந்தது. பக்கத்து நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. மழை இந்த எல்லையை மதிப்பதில்லை. ஜூனில் இடவப்பாதி, அது ஓய்ந்ததும் அக்டோபரில் துலாவர்ஷம். முன்னதற்கு நேரம் காலம் கிடையாது. பின்னது பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வரும் என்பதால் விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். வருடத்தில் பாதிக்கு மேல் மழைக்காலம் என்னும்போது காத்திருப்பது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. கேரள அரசின் 'லைஃப்' திட்டத்தில் வீடு கட்டுபவருக்கு 4 லட்ச ரூபாய் கட்டம் கட்டமாகத்தான் வருகிறது. கூரை தள்ளிப்போனால் அடுத்த தவணையும் தள்ளிப்போகும்; வாடகை மட்டும் நிற்காது.

ஆகவே மழைக்காலத்திலும் தளம் போடுகிறார்கள். போடலாம், தவறில்லை. கணக்கு தவறும் இடம் வேறு.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 456 விதி, வீட்டுத் தளங்களுக்கு வழக்கமான எம்-20 கலவையில் 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றுக்கு மணலும் ஜல்லியுமாக 250 கிலோ, தண்ணீர் அதிகபட்சம் 30 லிட்டர் என்கிறது. இது உலர்ந்த பொருள்களுக்கான அளவு. நன்றாக நனைந்த மணல் தன் எடையில் ஏழரை சதவீதம் வரை தண்ணீரைச் சுமக்கும் என்றும் அதே விதி சொல்கிறது. மூட்டைக்குச் சேரும் 80 கிலோ சொச்சம் மணலில் மட்டும் இது ஆறு லிட்டர். ஈர ஜல்லி தன் பங்குக்கு இரண்டு முதல் நான்கு லிட்டர் கொண்டுவரும். கையாள் வாளியைத் தூக்குமுன்பே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குத் தண்ணீர் உள்ளே வந்துவிடுகிறது. வழக்கம்போல 30 லிட்டரையும் ஊற்றினால் 40 ஆகிறது. கலவை கஞ்சியாக ஓடும். பரப்பச் சுலபம், ஆட்களுக்கும் சந்தோஷம்.

விலை பிறகு தெரியும். சிமென்டோடு சேராத தண்ணீர் மெல்ல வெளியேறி, தான் இருந்த இடத்தில் நுண்துளைகளை விட்டுச்செல்கிறது. அவற்றின் வழியே ஈரமும் காற்றும் கம்பியை எட்டுகின்றன. துருப்பிடித்த கம்பி பருக்கிறது. கீழே காரை பெயர்ந்து விழுகிறது. வெளுத்துவாங்கிய மழையைப் பழிக்கும் வீட்டுக்காரருக்கு வாளிக் கணக்கு ஞாபகம் இருப்பதில்லை.

ஈர மணலில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. ஐந்து சதவீத ஈரத்தில் மணல் நாலில் ஒரு பங்கு வரை உப்பிவிடும். பெட்டியால் அளந்தால் குறைவான மணலே விழும். சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம்: கண்ணாடி ஜாடியில் ஈர மணலை நிரப்பி, மூழ்கும்வரை தண்ணீர் விட்டுக் கலக்கி அடங்கவிட்டால், மட்டம் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவும் உப்பல். மணலை முந்தைய நாளே மூடிவைத்தால் பாதித் தொல்லை தீரும்.

பாதியில் பிடித்தால்

வேலை நடுவில் மழை வலுத்தால், முடித்துவிடும் அவசரமே எதிரி. பரப்பிய பகுதியைத் தார்ப்பாயால் மூடி, நிறுத்த வேண்டியிருந்தால் இரண்டு தாங்கல்களுக்கு நடுப்பகுதியில் பலகை வைத்து நேராக நிறுத்த வேண்டும். மறுபடி தொடங்குமுன் அந்த முகத்தைக் கொத்திக் கழுவி, சிமென்ட் பால் பூசுவது அவசியம். சிமென்ட் கரைந்து ஜல்லி தெரியும் இடங்களைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். பலர் செய்வது வேறு: தேங்கிய நீரின்மேல் வெறும் சிமென்டைத் தூவித் தேய்க்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். பின்னர் அப்பளமாக உரிந்து வரும்.

கவனம் கீழேயும் வேண்டும். நனைந்த செம்மண்ணில் முட்டுக்கால் புதைந்தால் தளமே தொய்ந்துவிடும். ஒவ்வொன்றின் அடியிலும் அகலமான பலகை தேவை. வைப்ரேட்டரின் மின்கம்பி தண்ணீரில் கிடப்பது உயிருக்கே உலை.

பூசி முடித்த முதல் சில மணி நேரம்தான் கண்டம். அதைத் தாண்டிவிட்டால் மழையே வேலைக்காரனாகிவிடுகிறது. குறைந்தது ஏழு நாள், கடைகளில் அதிகம் விற்கும் பிபிசி சிமென்ட் என்றால் பத்து நாள் தளம் காயாமல் இருக்க வேண்டும். சாரல் அதைக் கூலியில்லாமல் செய்யும். ஆனால் வெயில் அடிக்கும் நாளில் தண்ணீர் விடுவது வீட்டுக்காரர் பொறுப்பு. முட்டைப் பிரிப்பதிலும் பொறுமை வேண்டும்: நாலரை மீட்டர் வரையான அகலத்துக்கு ஏழு நாள், அதற்கு மேல் பதினான்கு நாள் என்பது சாதாரண சிமென்டுக்கான குறைந்தபட்ச விதி.

420 சதுர அடி வீட்டின் தளத்துக்கு முப்பது மூட்டைக்குச் சற்று அதிகமாகச் சிமென்ட் ஆகும். ஒவ்வொரு மூட்டைக்கும் எத்தனை வாளி என்று எண்ண ஓர் ஆள் இயந்திரத்தின் அருகே நின்றால் போதும். அன்று முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வீட்டுக்காரருக்கு அது பொருத்தமான வேலை.