ரொக்கத்திற்கே விற்ற கடை

கூட்டுறவுக் கடை என்றால் மலிவாகப் பொருள் கிடைக்குமிடம் என்றே நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். இங்கிலாந்திலுள்ள ராச்டேல் நகரத்தாரின் வரலாற்றைப் படித்த பின்னரே அவ்வெண்ணம் மாறிற்று.

1840-களில் அங்கே தொழிலாளர் பலர் கூலி போதாமல் கடைக்காரரிடம் கடன்பட்டிருந்தனர். கடன்பட்டவன் வேறு கடைக்குப் போக முடியுமா? மாவில் சுண்ணக்கட்டித் தூள் கலந்திருந்தாலும் வாய் திறவாமல் வாங்கிச் சென்றான்.

நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர், வாரந்தோறும் சில பென்ஸ் வீதம் சேர்த்த 28 பவுனை முதலாகக் கொண்டு, 1844 டிசம்பர் 21 அன்று ஒரு கடை திறந்தனர். சரக்கு என்ன? மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவர்த்தி, அவ்வளவே. கலப்படமில்லை, எடையிற் குறைவில்லை. பங்கு எத்தனையாயினும் ஒருவருக்கு ஒரே வாக்கு. இலாபமோ, வாங்கிய அளவுக்கேற்ப வாங்கியவர்க்கே திரும்பிற்று.

ஆனால் கடன் மட்டும் கிடையாது. ஏழைகள் நடத்தும் கடை ஏழைக்குக் கடன் மறுப்பதா? எனக்கு இவ்விதி முதலில் கொடுமையாகவே பட்டது. காசில்லாத வாரத்தில் அக்குடும்பம் பழைய கடைக்குத்தானே போயிருக்கும்! இக்குறையை நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும், அதுவரை அவர்களைக் கட்டியிருந்த கயிறே கடன்தான். இலாபப் பங்கைக் கடையிலேயே விட்டு வைத்தவர்க்கோ, உண்ட மாவே சேமிப்பாயிற்று. அடுத்த வறுமை நாளில் எடுத்துக்கொள்ளத் தம் பணமே இருந்தது.