மலையேறிய காரும் மின்பொறியின் இடைவெளியும்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு மலைப்பாதையில் சென்றிருக்கிறீர்களா? காமக்காப்பட்டிச் சோதனைச் சாவடியைக் கடந்ததும் ஏற்றம் தொடங்கிவிடும். டம் டம் பாறையில் நின்றால் தொலைவில் எலிவால் அருவி வெள்ளிக்கம்பி போலத் தெரியும். பின்னர் ஊத்து, பெருமாள்மலை என்று ஏற ஏறக் காது அடைக்கும். கையிலுள்ள சிப்ஸ் பொட்டலம் பந்துபோல உப்பும். வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்துகொண்டே வருகிறது என்பதற்கு இவையே சான்றுகள். கடல்மட்டத்தில் ஏறத்தாழ 1013 மில்லிபாராக இருக்கும் காற்றழுத்தம், 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் 790 மில்லிபார் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதாவது சுமார் ஐந்தில் நான்கு பங்கு.

இந்தப் பாதையில் நண்பர் ஒருவரின் காரில் சென்றபோது ஒரு புதிரைச் சந்தித்தேன். அது டர்போ பொருத்திய பெட்ரோல் கார். சமவெளியில் வழுக்கிக்கொண்டு ஓடிய வண்டி, செங்குத்தான ஏற்றத்தில் அவர் மிதியை அழுத்தியபோதெல்லாம் விக்கி விக்கி இழுத்தது. எஞ்சின் எச்சரிக்கை விளக்கும் மின்னத் தொடங்கியது. பின்னால் பேருந்து, முன்னால் கொண்டையூசி வளைவு. அந்த இடத்தில் எஞ்சின் தயங்குவது விளையாட்டல்ல. காலைச் சற்றுத் தளர்த்தியதும் விக்கல் நின்றது. மெதுவாகவே ஊர் போய்ச் சேர்ந்தோம்.

காரணம் விசாரித்தபோது ஒரு செய்தி வெளிவந்தது. சென்ற வாரம் அவர் தாமே ஸ்பார்க் பிளக்குகளை மாற்றியிருக்கிறார். டர்போ இல்லாத தமது பழைய காருக்கு வைத்ததுபோலவே இடைவெளியை 1.1 மி.மீ. என்று வைத்துவிட்டார். “இடைவெளி பெரிதானால் பொறியும் பெரிதாகும் அல்லவா? அதிலும் மலைமேல் காற்று மெலிது. பொறி எளிதாகத் தாண்டவேண்டுமே!” என்றார்.

நல்ல கேள்விதான். விடை காண முதலில் பொறி எவ்வாறு பிறக்கிறது என்று பார்ப்போம்.

கூட்டத்தில் ஓடும் எலெக்ட்ரான்

ஸ்பார்க் பிளக்கின் நுனியில் இரண்டு மின்முனைகள் உள்ளன. ஒன்று நடுவிலுள்ளது, மற்றொன்று பக்கத்திலிருந்து வளைந்து வந்து அதற்கு எதிரே நிற்பது. இரண்டுக்கும் நடுவே காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவை இருக்கிறது. காற்று மின்கடத்தாப் பொருள். அதன் வழியே மின்சாரம் பாயவேண்டுமானால் அதன் மூலக்கூறுகள் அயனிகளாக உடையவேண்டும்.

மின்முனைகளுக்கிடையே உயர் மின்னழுத்தம் ஏற்பட்டதும், அங்கே திரியும் ஓரிரு எலெக்ட்ரான்கள் நேர்முனையை நோக்கி விரைகின்றன. வழியில் ஒரு மூலக்கூற்றின்மீது போதிய வேகத்தில் மோதினால் அதிலிருந்து இன்னொரு எலெக்ட்ரான் விடுபடும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நொடிப்பொழுதில் பெருவெள்ளமாகும். அதுவே பொறி.

பழனியில் தைப்பூசக் கூட்டத்தின் நடுவே நீங்கள் ஓட முயன்றால் என்ன ஆகும்? இரண்டடி வைப்பதற்குள் யார்மீதாவது மோதி நின்றுவிடுவீர்கள். வேகம் எடுக்கவே முடியாது. கூட்டம் குறைந்த நாளில் அதே தெருவில் நன்றாக ஓடலாம். எலெக்ட்ரானின் நிலையும் இதுவே. காற்று அடர்த்தியாக இருந்தால் மோதல்களுக்கிடையே கிடைக்கும் தூரம் குறைவு. அந்தச் சிறு தூரத்துக்குள் போதிய வேகம் பெற அதிக மின்னழுத்தம் தேவை.

பாஷென் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் 1889-இல் இதை ஆராய்ந்தார். பொறி தாண்டத் தேவையான மின்னழுத்தம், வாயுவின் அழுத்தம், இடைவெளி ஆகிய இரண்டின் பெருக்குத்தொகையைப் பொறுத்தது என்று கண்டார். வெப்பநிலையும் மாறும் இடத்தில் அழுத்தத்துக்குப் பதிலாக அடர்த்தியைக் கொள்ளவேண்டும். சுருங்கச் சொன்னால், காற்றை இருமடங்கு அடர்த்தியாக்குவதும் இடைவெளியை இருமடங்காக்குவதும் பொறிக்கு ஒன்றே.

டர்போ என்ன செய்கிறது?

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சிலுள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி உருளைக்குள் திணிக்கிறது. இதுதான் டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூக்கி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1918-இல் அமெரிக்காவில் சான்ஃபோர்டு மாஸ் என்பவர் ஒரு விமான எஞ்சினை 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்துக்கு ஏற்றிச் சென்று சோதித்தார். டர்போ இல்லாதபோது மெலிந்த காற்றில் சோர்ந்துபோன எஞ்சின், டர்போவுடன் தரைமட்டத்தில் தந்த திறனையே மலையுச்சியிலும் தந்தது.

நண்பரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பொறி தாண்டுவது கொடைக்கானல் காற்றிலல்ல. உருளைக்குள் இருக்கும் காற்றில்! வெளியே காற்று எவ்வளவு மெலிந்தாலும், டர்போ அதை அமுக்கிச் சமவெளியில் இருந்த அளவுக்கு ஏறத்தாழ ஈடுசெய்துவிடுகிறது.

ஒரு சிறு கணக்கு

திறந்தவெளியில் 1 மி.மீ. இடைவெளியைப் பொறி தாண்டச் சுமார் 3,000 வோல்ட் வேண்டும் என்று கொள்வோம். பொறி விழும் நேரத்தில் உருளைக்குள் காற்று 8 மடங்கு அடர்த்தியாகிறது என்க. கம்பிச்சுருள் தரக்கூடிய உச்ச மின்னழுத்தம் 30,000 வோல்ட் என்றும் வைத்துக்கொள்வோம்.

பழைய கார், டர்போ இல்லை, 1.1 மி.மீ. இடைவெளி: சமவெளியில் முழு மிதியில் 3,000 × 8 × 1.1 = 26,400 வோல்ட். பொறி தாண்டும். கொடைக்கானலில் காற்று ஐந்தில் நான்கு பங்கே. ஆகவே சுமார் 21,000 வோல்ட்டே போதும். எஞ்சினின் திறன் குறையும். ஆனால் பொறி தவறாது.

டர்போ கார்: ஏற்றத்தில் மிதியை அழுத்தியதும் டர்போ ஒன்றரை மடங்கு காற்றைத் திணிக்கிறது என்க. இப்போது அடர்த்தி 12 மடங்கு. 1.1 மி.மீ. இடைவெளிக்கு 3,000 × 12 × 1.1 = 39,600 வோல்ட் வேண்டும். கம்பிச்சுருளால் இயலாது. பொறி தவறுகிறது, வண்டி விக்குகிறது. இடைவெளியை 0.7 மி.மீ. ஆக்கினால்? 3,000 × 12 × 0.7 = 25,200 வோல்ட். தாராளமாகத் தாண்டும்.

சமவெளியில் ஏன் விக்கவில்லை? அங்கே மிதியை முழுதும் அழுத்தத் தேவையில்லை. உருளைக்குள் நுழையும் காற்று குறைவு. காலைத் தளர்த்தியதும் விக்கல் நின்றதும் இதனால்தான். மின்முனைகளின் சூடும் கூர்மையும் உண்மை எண்களைச் சற்றுக் குறைக்கும். எனினும் ஒப்பீடு மாறாது.

அப்படியானால் இடைவெளியை இன்னும் சிறிதாக்கலாமே?

கூடாது. பொறியில் பிறக்கும் சுடர் தொடக்கத்தில் கடுகினும் சிறியது. மின்முனைகள் மிக நெருங்கியிருந்தால் உலோகம் அதன் வெப்பத்தை உறிஞ்சி அணைத்துவிடும். நிற்கும் வண்டியில் எஞ்சின் நடுங்கும். ஆகவே இடைவெளி என்பது ஓர் உடன்பாடு: சுடர் பிழைக்கும் அளவுக்குப் பெரிது, பொறி தவறாத அளவுக்குச் சிறிது. டர்போ இல்லாத பல கார்களில் இது 0.8 முதல் 1.1 மி.மீ. வரையிலும், டர்போ கார்களில் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மி.மீ. வரையிலும் இருக்கும். எந்தக் காருக்கு எது என்பதை அதன் கையேடே சொல்லவேண்டும்.

இடைவெளி தானாகவும் வளரும். நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு பிளக்கிலும் நிமிடத்துக்கு 1,500 பொறிகள். ஒன்றரை மணி நேர மலையேற்றத்தில் 1,35,000 பொறிகள்! ஒவ்வொன்றும் உலோகத்தில் அணுவளவு அரித்துச் செல்கிறது.

பொறி தவறினால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் சென்று, அங்குள்ள வினையூக்கி மாற்றியில் எரிந்து அதைப் பாழாக்கும். எச்சரிக்கை விளக்கு மின்னியது இதற்காகத்தான்.

மறுநாள் காலை, எஞ்சின் நன்றாக ஆறியிருந்தபோது மெக்கானிக் ஒருவர் பிளக்குகளைக் கழற்றினார். ஃபீலர் கேஜின் தகட்டை நுழைத்துப் பார்த்து, பக்க முனையை மட்டும் மெல்ல வளைத்து, கையேட்டில் உள்ளபடி 0.7 மி.மீ. ஆக்கினார். நடு முனையை அவர் தொடவேயில்லை. இரிடியம் பிளக்கில் அது மிக மெல்லியது, நெம்பினால் உடைந்துவிடும். அன்று மாலை மன்னவனூர் வரை சென்று வந்தோம். ஓர் ஏற்றத்திலும் வண்டி விக்கவில்லை.

நீங்கள் பிளக்கைக் கழற்றிச் சோதிக்க முயலவேண்டாம். பல்லாயிரம் வோல்ட் புழங்கும் இடம் அது. வேறொன்று செய்து பாருங்கள். சாதாரண அச்சுத்தாள் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மி.மீ. ஏழு தாள்களைச் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். பிறகு பதினொரு தாள்கள். இந்த நான்கு தாள் வேறுபாடுதான் ஒரு காரை மலைப்பாதையில் திணறவைத்தது.

முடிவாக உங்களுக்கு ஒரு கேள்வி. அன்று எங்கள் பின்னால் வந்த பேருந்து டீசலில் ஓடுவது. பெரும்பாலான பேருந்துகளில் இப்போது டர்போவும் உண்டு. ஆனால் ஸ்பார்க் பிளக் மட்டும் கிடையாது. அப்படியானால் அதன் எரிபொருள் எவ்வாறு பற்றிக்கொள்கிறது? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். விடை அங்கே இருக்கிறது.