மேருவின் ஏழாம் படி

மாத்தளை மாவட்டத்துப் பல்லேகமவில் ஒரு முற்றத்தில் உலர்த்தப் பரப்பிய பாக்குகளில் பன்னிரண்டை எடுத்தால், வரிசைக்கு நான்காக மூன்று வரிசை அடுக்கிவிடலாம். பதின்மூன்றை எடுத்தாலோ, எப்படி மாற்றி வைத்தாலும் ஒற்றை வரிசையன்றி வேறு செவ்வகம் அமையாது. இவ்வாறு பங்குக்கு இணங்காத எண்ணை இலங்கைப் பாடநூல்கள் முதன்மை எண் என்கின்றன. தமிழ்நாட்டார் பகா எண் என்பர். குணத்தைப் பெயரிலேயே சொல்லிவிடுவதால் பின்னதே எனக்கு உவப்பு.

சிறிய எண்ணுக்குப் பாக்கு போதும். நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்ணொன்று பகா எண்தானா என்பதை, சந்தேகத்துக்கு இடமின்றியும் அதிகக் காலவிரயமின்றியும் நிர்ணயிக்கும் மார்க்கத்தை 2002 ஆகஸ்டில் வெளியிட்டவர்கள், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் இளநிலைப் படிப்பை முடித்திருந்த நீரஜ் கயல், நிதின் சக்சேனா என்னும் மாணாக்கர் இருவரும் ஆவர்.

அவர்களது உபாயத்தின் வித்து, நம் முன்னோர் மேருப் பிரஸ்தாரம் என்றழைத்த, ஓரங்களில் ஒன்றும் இடையில் மேலுள்ள ஈரெண்களின் கூட்டுத்தொகையுமாக அடுக்கிய எண்கோபுரத்திலேயே கிடக்கிறது. உச்சியைக் கணக்கில் சேர்க்காமல் எண்ணி வரும் ஏழாம் படியில், ஓரத்து ஒன்றுகளை நீக்கினால் எஞ்சுபவை 7, 21, 35, 35, 21, 7. யாவும் ஏழால் மீதியின்றி வகுபடும். ஆறாம் படியிலோ 6, 15, 20, 15, 6. பதினைந்து ஆறுக்கு அடங்காது. பகா எண்ணின் படி மட்டுமே இவ்விதம் முழுதும் வசப்படும். ஆயினும், எண் பெரிதாகப் பெரிதாகப் படியும் நீண்டு, உறுப்புகளை ஒவ்வொன்றாய்ப் பரிசோதிக்க யுகங்களும் போதாவாதலால், படியின் எண்களைக் கெழுக்களாகக் கொண்ட இயற்கணிதப் பெருங்கோவையைத் தக்கதொரு சிறு கோவையால் வகுத்து, மீதிகளை ஒப்பிட்டாலே போதுமென்று மூவரும் நிரூபித்தனர். 2006இல் இதற்குக் கோட்பாட்டுக் கணினி அறிவியலுக்கான கோடல் பரிசு கிடைத்தது. நடைமுறையில் கணினிகள், அணுவளவு பிழைக்கு இடம் வைத்தாலும் இதனினும் விரைந்த வேறு சோதனைகளையே பெரும்பாலும் கையாளுகின்றன.