காதல் நாவலை எப்படி வாசிப்பது?

நமது பாடசாலைகளில் மாணவியின் புத்தகப் பையிலிருந்து எடுக்கப்பட்டு ஆசிரியரின் லாச்சிக்குள் போகும் நூல் பெரும்பாலும் ஒரே வகையானது. அட்டையில் ஒரு பெண்ணின் முகம், உள்ளே இருநூறு பக்கம், தலைப்பில் நெஞ்சம், நிலவு, உறவு, மலர் என்று ஏதாவது ஒரு சொல். எடுத்தவர் அதை வாசிப்பதில்லை. பெற்றோருக்குச் சொல்கிறார், பெற்றோரும் வாசிப்பதில்லை. நூல் கெட்டது என்று தீர்மானமாகிறது. பிள்ளையோ அடுத்த கிழமை அதே வகைக் கதையைத் தொலைபேசியில் வாசிக்கத் தொடங்கிவிடுகிறாள். அங்கே எந்த லாச்சியும் உதவாது.

காதல் நாவல் எப்படிக் கட்டப்படுகிறது, வாசகர் அதில் எதைத் தேடுகிறார், அதில் எது நல்லது, எது ஆபத்து என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இத்துறையில் நான் ஆய்வாளர் அல்ல. உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பித்துவிட்டு, இரவில் கைக்குக் கிடைத்ததை வாசிக்கும் ஒரு சாதாரண வாசகி. அண்மைய மாதங்களில் ரமணிசந்திரனின் சில நாவல்கள், தொலைபேசியில் வரும் தொடர்கதைகள் இரண்டு மூன்று, பஷீர், லைலா அபூலேலா, உஸ்மா ஜலாலுத்தீன் என்று கலந்து வாசித்ததில் தோன்றியவற்றையே இங்கு தருகிறேன்.

காதல் நாவல் எது?

காதல் வருகின்ற நாவலெல்லாம் காதல் நாவல் ஆகிவிடாது. அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, இருவருக்கிடையிலான காதலே கதையின் நடுத்தூணாக இருக்க வேண்டும். மற்றது, முடிவு வாசகருக்கு நிறைவைத் தர வேண்டும். இந்த அளவுகோலின்படி லைலா மஜ்னூன் காதல் காவியம்தான், ஆனால் காதல் நாவல் என்ற வகைக்குள் வராது. 1813இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்' இவ்வகைக்கு மூத்த முன்மாதிரி. 1908இல் லண்டனில் தொடங்கப்பட்ட மில்ஸ் அன்ட் பூன் பதிப்பகம் பிற்காலத்தில் இந்த வடிவத்தை ஒரு தொழிலாகவே ஆக்கியது. 1971இல் அதனைக் கனடாவின் ஹார்லிகுவின் நிறுவனம் வாங்கிக்கொண்டது.

முடிவு முன்கூட்டியே தெரியும் என்றால் எதற்காக வாசிக்க வேண்டும்? "எல்லாம் ஒரே கதைதானே" என்று ஏளனம் செய்பவர்களுக்கு ஒரு தமிழாசிரியர் என்ற முறையில் ஒன்று சொல்வேன். நமது அகப்பாடல்களும் ஒரே கதைதான். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்ற ஐந்துக்கு அப்பால் அகத்திணை போவதில்லை. தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர்கூட இல்லை. தோழி என்ன சொல்வாள், செவிலி எங்கே தேடுவாள் என்பதெல்லாம் முன்பே வகுக்கப்பட்டவை. அதற்காகக் குறுந்தொகையை யாரும் தூக்கி எறியவில்லை. வரையறைக்குள் நின்றுகொண்டு புலவர் புதிதாக என்ன காட்டினார் என்றுதான் பார்க்கிறோம். காதல் நாவலையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். இதில் பல நூல்கள் தோற்றுப்போகின்றன என்பது உண்மை. ஆனால் அவை தோற்பதற்குக் காரணம் வாய்பாடு அல்ல, வாய்பாட்டுக்குள் புதிதாக எதுவும் இல்லாமைதான்.

தமிழில் வந்த மாற்றம்

தமிழில் வை. மு. கோதைநாயகி, லக்ஷ்மி என்று பெண்கள் பெண்களுக்காக எழுதிய குடும்பக் கதைகளின் நீண்ட மரபு ஒன்றுண்டு. லக்ஷ்மி 1984இல் சாகித்திய அகாதமி விருதும் பெற்றவர். அந்த மரபிலிருந்து கிளைத்த ரமணிசந்திரன் நூறுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். நமது ஊர்களில் கையிலிருந்து கைக்கு மாறி, அட்டை கிழிந்து, முதல் நான்கு பக்கம் இல்லாமலே வாசிக்கப்பட்டவை அவை.

ஆங்கிலக் காதல் நாவலில் திருமணம் கடைசி அத்தியாயத்தில் வரும். தமிழில் அது பல வேளைகளில் நடுவிலேயே, சிலவற்றில் தொடக்கத்திலேயே வந்துவிடும். ஏதோ ஒரு நிர்ப்பந்தத்தால் இருவருக்கும் கல்யாணம் நடக்கிறது. அதன் பிறகுதான் ஒருவரையொருவர் அறிகிறார்கள், கோபிக்கிறார்கள், விரும்புகிறார்கள். தொல்காப்பியர் களவை முன்வைத்துக் கற்பைப் பின்வைத்தார். இந்த நாவல்கள் கற்பில் தொடங்கிக் களவுக்குப் போகின்றன. பெற்றோர் பார்த்து முடிக்கும் திருமணம் வழக்கமாக உள்ள சமூகத்தில் இது மிகத் தந்திரமான ஏற்பாடு. காதலும் கிடைக்கிறது, குற்ற உணர்வும் இல்லை. நம் வீட்டுப் பெண்களுக்கு இவை பிடித்துப்போனதற்கு இது முக்கிய காரணம் என்பது என் கருத்து.

இன்னொரு காரணத்தை ஜெனிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட நூலில் காட்டினார். காதல் நாவல் வாசிக்கும் பெண்களிடம் அவர் கேட்டபோது, கதையைப் போலவே வாசிக்கும் செயலும் அவர்களுக்கு முக்கியமாக இருந்தது தெரியவந்தது. புருஷன், பிள்ளை, சமையல் என்று நாள் முழுவதும் மற்றவர்களுக்காக ஓடுபவள், கையில் புத்தகத்தை எடுத்தால் "இந்தக் கொஞ்ச நேரம் எனக்கு" என்று சொல்லாமல் சொல்கிறாள். இஷா தொழுதுவிட்டு, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் பத்துப் பக்கம் வாசிக்கும் நமது தாய்மாருக்கும் இது பொருந்தும்.

ரமணிசந்திரனிடம் எனக்குப் பிடித்தது தெளிந்த தமிழும், கதாநாயகியின் தன்மானமும். ஏழையாக இருந்தாலும் அவள் கைநீட்ட மாட்டாள். பிடிக்காதது, கதாநாயகன் எப்போதும் பெரும் பணக்காரனாக இருப்பதும், நாகரிகமாக உடுத்த பெண் என்றாலே வில்லியாக வருவதும். நடுவில் நூறு பக்கத்தை இழுத்துச் செல்லும் சந்தேகங்களும் அலுப்பூட்டும். என் மாணவி ஒருத்தி சொன்னாள்: "ரெண்டு பேரும் அஞ்சு நிமிஷம் கதைச்சா கதை முடிஞ்சிடும் டீச்சர்." இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் கேட்டதில்லை.

ஆபத்து எங்கே இருக்கிறது?

தொலைபேசியில் வரும் இன்றைய தொடர்களில் 'அன்டி ஹீரோ' என்றொரு வகை பெருகியிருக்கிறது. கதாநாயகன் கடத்துகிறான், அறைகிறான், பலவந்தமாகத் தாலி கட்டுகிறான். முப்பதாவது அத்தியாயத்தில் அவனது சிறுவயதுச் சோகம் ஒன்று தெரியவருகிறது. எல்லாம் மன்னிக்கப்படுகிறது. இதைப் பற்றி வகுப்பில் பேச்சு வந்தபோது ஒரு பிள்ளை, "அவன் அடிச்சாலும் அது அன்பாலதான் டீச்சர்" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் மூன்று நான்கு வருடங்களில் அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள்.

நாம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். கதையில் காதல் இருப்பதற்கு அல்ல. ஒரு பெண்ணின் 'வேண்டாம்' என்ற சொல்லுக்குக் கதை என்ன மதிப்புக் கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். மார்க்கம் அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்தது. கன்ஸா (றழி) அவர்களைத் தந்தை விருப்பமின்றி மணமுடித்துக் கொடுத்தபோது நபி (ஸல்) அவர்கள் அந்தத் திருமணத்தை ரத்துச் செய்தார்கள். விடுதலை பெற்ற பரீரா (றழி) தன் கணவர் முகீஸிடமிருந்து விலகியபோது, முகீஸ் மதீனாவின் தெருக்களில் அழுதுகொண்டு அவர் பின்னால் திரிந்தார். நபியவர்கள் பரிந்துரைத்தார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரைதான் என்றதும், அப்படியானால் அவர் எனக்கு வேண்டாம் என்றார். அழுகின்ற ஆணின் காதல் உண்மையானது, ஆனாலும் முடிவு அந்தப் பெண்ணுடையது. புகாரியில் இடம்பெறும் இந்த நிகழ்ச்சிகளை வகுப்பில் சொல்லிவிட்டு, "இப்ப அந்தத் தொடர்கதையைப் பாருங்க" என்றேன். கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

இதை நாவலாசிரியர்களின் தலையில் மட்டும் போட்டுவிடவும் முடியாது. நமது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் திருமணப் பதிவில் மணப்பெண்ணின் கையொப்பத்தைக் கட்டாயமாக்கவில்லை. வலீயின் கையொப்பம் போதும். பெண்ணின் சம்மதத்தைக் கதைக்குள் தேடச் சொல்லும் நாம், பதிவேட்டிலும் அதைத் தேட வேண்டும்.

காசுக் கணக்கு

காதல் நாவலை வாசிக்கும்போது கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி, காசு எங்கிருந்து வருகிறது என்பது. ஆஸ்டின் இதை மறைக்கவே இல்லை. டார்சி அறிமுகமாகும்போதே வருடத்துக்குப் பத்தாயிரம் பவுண் வருமானம் என்ற செய்தி மண்டபம் முழுக்கப் பரவிவிடுகிறது. பெனட் குடும்பத்துக்கு ஐந்து பெண்பிள்ளைகள். ஆண்வாரிசு இல்லாததால் சொத்து தூரத்து உறவினருக்குப் போகும். தாயின் பதற்றம் வேடிக்கையாகத் தெரிந்தாலும் அதன் அடியில் இருப்பது தெருவுக்கு வந்துவிடுவோமோ என்ற பயம். கிழக்கிலே, மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்காகத் தன் ஆயுளையே கரைத்த வாப்பாமாரைப் பார்த்த எவருக்கும் அந்தத் தாயைப் புரியும்.

வைக்கம் முகம்மது பஷீரின் 'பால்யகால சகி' (1944) இதையே துயரமாகச் சொல்கிறது. மஜீதும் சுகறாவும் சிறுவயது முதல் ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள். குடும்பம் நொடிந்துபோகிறது. தங்கைமாருக்குச் சீதனம் தேட வேண்டிய மஜீத் ஊர் ஊராக உழைத்துக் காலையும் இழக்கிறான். சுகறா நோயில் இறந்துபோகிறாள். மிகச் சிறிய நூல், ஒரே மூச்சில் வாசித்துவிடலாம், ஆனால் அன்றிரவு தூக்கம் வராது. மலையாளத்திலிருந்து தமிழுக்கு வந்திருக்கும் இது நம் வீட்டுக் கதை போலவே இருக்கிறது.

இதை வாசித்த பிறகுதான் மாதநாவல்களின் பணக்காரக் கதாநாயகன் ஏன் இவ்வளவு விரும்பப்படுகிறான் என்று எனக்கு விளங்கியது. அவனது காருக்காக அல்ல, அவன் சீதனம் கேட்பதில்லை என்பதற்காக. மஹர் கொடுத்து மணக்கச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், 'கைக்கூலி' என்ற சொல்லைச் சட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கிறோம். அப்படியான ஒரு சமூகத்தில், எதுவும் கேட்காமல் ஒருவன் வருவான் என்பதே பெருங்கனவு. வாசகிகளைக் கனவு காண்பவர்கள் என்று கேலி செய்வதற்கு முன்னர், அந்தக் கனவு எந்தப் பயத்திலிருந்து பிறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நமது மரபில் காதல்

காதல் கதை நமக்கு அந்நியம் என்பது தவறான எண்ணம். உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் கதீஜா நாயகியின் (றழி) மனவிருப்பத்தைத் தமிழ்க் காப்பிய மரபிலே பாடினார். சைத்தூன் கிஸ்ஸாவில் வாளெடுத்துப் போரிடும் இளவரசியே கதாநாயகி. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் கவிகளில் மச்சானும் மச்சியும் கேட்டுக்கொள்ளாத கேள்வி இல்லை. சித்தி லெவ்வை 1885இல் எழுதிய 'அஸன்பேயுடைய கதை', ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று போற்றப்படுவது, கெய்ரோவில் பிறந்த ஒருவனின் சாகசத்தோடு காதலையும் சேர்த்தே சொன்னது. அதன் பிறகு இந்த வடிவத்தை நாம் பெரிதாக வளர்க்கவில்லை. நமது பிள்ளைகள் தாலியையும் குங்குமத்தையும் மனத்துக்குள் கருகமணியாக மொழிபெயர்த்துக்கொண்டு வாசிக்கிறார்கள்.

மற்ற இடங்களில் இந்தக் குறை தீரத் தொடங்கியிருக்கிறது. சூடானிய எழுத்தாளர் லைலா அபூலேலாவின் 'த டிரான்ஸ்லேட்டர்' (1999) நாவலில் ஸம்மர் என்ற இளம் விதவை ஸ்கொட்லாந்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறாள். இஸ்லாத்தைக் கற்ற, ஆனால் முஸ்லிம் அல்லாத பேராசிரியர் ஒருவரை விரும்புகிறாள். அவர் இஸ்லாத்துக்கு வர வேண்டும் என்று துஆச் செய்கிறாள். பிறகுதான் அவளுக்கு உறைக்கிறது, தான் கேட்பது அவருக்காக அல்ல, தனக்காக என்று. அவள் தன் நிய்யத்தைத் திருத்திக்கொள்ளும் இடமே கதையின் திருப்பம். ஈமானைக் காதலுக்குத் தடையாகக் காட்டாமல், காதலைச் சுத்தப்படுத்துவதாகக் காட்டிய நாவலை நான் முதன்முதலாக வாசித்தது அப்போதுதான். உஸ்மா ஜலாலுத்தீனின் 'ஆயிஷா அட் லாஸ்ட்' (2018) இலகுவான நூல். ஆஸ்டினின் கதையை டொரொன்டோ முஸ்லிம்களுக்குள் கொண்டுவருகிறது. தாடியும் ஜுப்பாவுமாக வரும் காலித் அதில் கதாநாயகன். தோற்றத்தைக் கண்டு மனிதரை எடைபோடும் பழக்கம் நம்மைப் பற்றி மற்றவர்களிடம் மட்டுமல்ல, நமக்குள்ளேயும் இருப்பதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறது. இரண்டும் தமிழுக்கு வர வேண்டியவை.

என்ன செய்யலாம்?

பறிப்பதை விட்டுவிட்டு நாமும் வாசிக்கலாம். வாசித்த பிள்ளையிடம் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். அவள் எந்த இடத்தில் சம்மதித்தாள்? காசு யாருடையது? கல்யாணத்துக்குப் பின் அவள் படிப்பும் வேலையும் என்னவாயின? இந்தக் கேள்விகளைக் கேட்கப் பழகியவளுக்கு மோசமான நாவலும் பாடமாகிவிடும். பழகாதவளுக்கு நல்ல நாவலும் மயக்கமே தரும்.

பாடசாலை நூலகத்தில் ரமணிசந்திரனுக்குப் பக்கத்தில் பஷீரை வையுங்கள். ஒன்றை எடுக்க வருபவள் மற்றதையும் புரட்டிப் பார்ப்பாள். எழுத வல்ல நமது பெண்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சீதனம் கேட்காத மாப்பிள்ளையையும், 'வேண்டாம்' என்று சொல்லக்கூடிய பெண்ணையும், நிகாஹையும் வலீமாவையும் வைத்து நல்ல காதல் நாவல் ஒன்று எழுதுங்கள். அதை வாசிக்க நம் வகுப்பறைகளில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.