மீட்டரில் 12 வோல்ட், காற்றாடியோ சுற்றவில்லை

ஈப்போவிலிருந்து கோலா கங்சாருக்கு வரும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில், மெனோரா சுரங்கப்பாதைக்கு முன் நீண்ட ஏற்றம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டுப் பழைய கஞ்சில் அந்த ஏற்றத்தில் முக்கி முனகித்தான் ஏறும். ஆனால் வெப்பம் காட்டும் முள் நடுக்கோட்டைத் தாண்டாது. அதே கார் ஊருக்குள் நுழைந்து, மணிக்கூண்டுப் பக்கம் நெரிசலில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், முள் சிவப்புக் கோட்டை நோக்கி நகரத் தொடங்கிவிடும்.

"வண்டிக்கு வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்றார் அப்பா.

மலையேறும்போது சூடாகாத கார், சும்மா நிற்கும்போது ஏன் சூடாகிறது? ரேடியேட்டர் அடைத்திருந்தாலோ, தண்ணீர் பம்ப் பழுதாகியிருந்தாலோ, எஞ்சின் அதிகம் உழைக்கும் ஏற்றத்தில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஓடும் காரில் எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும் காருக்கு அந்தக் காற்று இல்லை. அப்போது அந்த வேலையைச் செய்ய வேண்டியது ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் மின்காற்றாடி. ஆக, மூடியைத் திறப்பதற்கு முன்பே பாதி விடை கிடைத்துவிட்டது.

தாத்தா காலத்து டட்சன் 120வை போன்ற கார்களில் இந்தச் சிக்கல் வேறு மாதிரி. அவற்றில் எஞ்சின் நீளவாக்கில் இருந்தது. எஞ்சினே பெல்ட் வழியாகக் காற்றாடியைச் சுற்றியது. 1985இல் வந்த புரோட்டோன் சாகாவிலும் 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலிலும் எஞ்சின் குறுக்குவாக்கில் இருக்கிறது. அதன் சுழலும் தண்டு ரேடியேட்டரைப் பார்த்து இல்லை. அதனால் காற்றாடிக்குத் தனி மின்மோட்டார் தேவைப்பட்டது. மோட்டார் வந்தவுடன் பியூஸ், ரிலே, வெப்ப சுவிட்ச், கம்பிகள், இணைப்புகள் எல்லாம் கூடவே வந்தன. இவற்றில் எது கெட்டாலும் காற்றாடி நின்றுவிடும்.

இதை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும்? பல பழைய கார்களில் எஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பு, அதன் மேல் உட்காரும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஒரே அளவு சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அளவு மீறிச் சூடானால் ஹெட் வளைந்து, இடையிலுள்ள கேஸ்கெட் போய்விடும். அதன் பிறகு பழைய காரின் விலைக்கும் பழுதுபார்க்கும் செலவுக்கும் அதிக வித்தியாசம் இருக்காது. எங்கள் வீட்டில் அம்மா வேலைக்குப் போவதும் தங்கையின் டியூஷனும் அந்தக் காரை நம்பித்தான்.

பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் காற்றாடி மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தார். 12 வோல்ட் காட்டியது. "கரண்ட் வருது, மோட்டார் சுத்தல. மோட்டார் போச்சு" என்றார். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது, நானும் தலையாட்டினேன். வேறு மோட்டார் மாட்டினார்கள். நூறு வெள்ளிக்கு மேல் செலவு. இரண்டு வாரம் நன்றாக ஓடியது. மூன்றாவது வாரம் அதே மணிக்கூண்டு, அதே சிவப்புக் கோடு.

கழற்றிய பழைய மோட்டாரை அப்பா வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தார். (எதையும் தூக்கிப்போட மாட்டார்.) தெரிந்த மின்பணியாளர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, அதைக் கொல்லையில் தரையோடு கெட்டியாகப் பிடித்து, பியூஸ் வைத்த கம்பியால் நேரடியாக 12 வோல்ட் பேட்டரியில் இணைத்தோம். விர்ரென்று சுற்றியது. மாட்டியதும் நல்ல மோட்டார், கழற்றியதும் நல்ல மோட்டார்!

அப்படியானால் அந்த 12 வோல்ட்?

எஸ்.பி.எம். இயற்பியலில் இதை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். நான் படித்தபோது அது 'ரிந்தாங்ஙான்', தமிழில் மின்தடை. வினாத்தாளில் கணக்குப் போட்டதோடு சரி, அது ஒரு துருப்பிடித்த போல்ட்டில் ஒளிந்திருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு எண்ணை வைத்துப் பார்ப்போம். துருப்பிடித்த இணைப்பின் மின்தடை 2 ஓம். மீட்டரின் உள்தடை சுமார் 1 கோடி ஓம். மீட்டரை வைக்கும்போது மின்சாரம் ஏறக்குறைய பாய்வதே இல்லை. அந்த 1 கோடிக்கு முன் 2 ஓம் தூசு. அதில் இழப்பு எதுவும் தெரியாது. அதனால் மீட்டர் முழு 12 வோல்ட்டையும் காட்டுகிறது. இப்போது மீட்டரை எடுத்துவிட்டு மோட்டாரை இணையுங்கள். நின்றிருக்கும் மோட்டாரின் தடை மிகக் குறைவு. அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2.5 ஓம், மின்னோட்டம் 4.8 ஆம்பியர். துருவில் 9.6 வோல்ட் போய்விடும். மோட்டாருக்கு மிஞ்சுவது 2.4 வோல்ட். அது எப்படிச் சுற்றும்? துருவில் வீணாகும் சக்தி 46 வாட்; சிறிய சால்டரிங் அயர்னின் சக்தியைவிட அதிகம். பழைய கார்களில் பிளாஸ்டிக் இணைப்புகள் பழுப்பேறி உருகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எனவே மோட்டார் இணைப்பில் இருக்கும்போதுதான், அதாவது மின்சாரம் பாய வேண்டிய நேரத்தில்தான் அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையை மோட்டாரின் எர்த் கம்பியிலும் மறுமுனையை பேட்டரியின் நெகடிவ் முனையிலும் வைத்தோம். சரியான இணைப்பில் இது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். எங்களுக்கு 9 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எர்த் கம்பியைப் பின்தொடர்ந்து போனால், முன்விளக்குக்குக் கீழே உடற்பகுதியில் ஒரு போல்ட், சுற்றிலும் செம்பழுப்புத் துரு. கம்பிகளை அசைத்து மோட்டார் மாற்றியபோது தொடர்பு தற்காலிகமாகப் பிடித்திருக்க வேண்டும். அந்த இரண்டு வார வாழ்வு அப்படி வந்ததுதான். உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் பூசினோம். மீட்டர் 0.1 வோல்ட்டுக்கு இறங்கியது. செலவு, ஒரு உப்புத்தாள்.

மீட்டர் இல்லாதவர்கள் கம்பி பொருத்திய 21 வாட் பிரேக் விளக்கு பல்பு ஒன்றை மோட்டார் இணைப்பில் வைத்துப் பார்க்கலாம். நல்ல இணைப்பில் பளிச்சென்று எரியும், கெட்டதில் மங்கும். சில நேரங்களில் மீட்டரைவிட இந்த மலிவான பல்பு நேர்மையானது.

எல்லாருடைய காரிலும் எர்த் போல்ட்தான் குற்றவாளி என்று சொல்ல வரவில்லை. முதலில் பியூஸைப் பாருங்கள். அதே எண்ணுள்ள வேறொரு ரிலேயை மாற்றி வைத்துப் பாருங்கள். கார்புரேட்டர் காலத்துக் கார்களில் இரண்டு கம்பி உள்ள வெப்ப சுவிட்ச் இருந்தால், அதன் இணைப்பைக் கழற்றி அந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். காற்றாடி சுற்றினால் சுவிட்ச் பழுது. சுற்றாவிட்டால் கோளாறு வேறிடத்தில். எரிபொருளைக் கணினி கட்டுப்படுத்தும் கார்களில் இப்படிச் செய்யாதீர்கள், அங்கே உள்ளது வெறும் சுவிட்ச் அல்ல. மோட்டாரை லேசாகத் தட்டினால் சுற்றத் தொடங்குகிறதா? உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அப்போது மோட்டாரை மாற்றுவது நியாயம். இன்னொன்று: சில கார்களில் குளிர்சாதனத்துக்கென்று தனிக் காற்றாடி உண்டு. ஏதோ ஒன்று சுற்றுகிறது என்று பார்த்துவிட்டு ஏமாந்துவிடாதீர்கள்.

ஆபத்துகளும் உண்டு. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் உள்ளே தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் அழுத்தம் போய், கொதித்து முகத்தில் பாயும். எஞ்சினை நிறுத்திய பிறகும் காற்றாடி தானாகச் சுற்றத் தொடங்கும் கார்கள் உண்டு. விரல், தலைமுடி, துப்பட்டா எதுவும் அருகே போகக்கூடாது.

ரேடியேட்டர் ஹோஸ்களையும் அப்போதே அழுத்திப் பார்த்தேன், கெட்டியாகவே இருந்தன. 1877இல் நட்ட ரப்பர் மரங்களால் பெயர்பெற்ற ஊர் எங்களுடையது. ஆனால் காரின் ஹோஸில் இருப்பது பெரும்பாலும் செயற்கை ரப்பர்; இயற்கை ரப்பர் அந்தச் சூட்டை நீண்ட நாள் தாங்காது. தோட்டத்தில் பால் வெட்டிய பாட்டியிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை.

பட்டறைக்காரர்மீது கோபமா என்றால், பெரிதாக இல்லை. அவர் பார்த்த 12 வோல்ட் பொய் இல்லை. அவர் கேட்ட கேள்வி மட்டும் ஒரு படி முன்பே நின்றுவிட்டது. பேட்டரியிலிருந்து நேராக ஒரு கம்பி கொடுத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். பழைய மோட்டாரை அப்பா நாளிதழில் சுற்றி ஸ்டோர் அறையில் வைத்திருக்கிறார். மேலே பேனாவால் எழுதியிருக்கிறார்: "ஓடுது."