ஒளி எழுதும் எழுத்து

நுழையும்முன்

எழுதுவதற்குத் தாளும் மையும் வேண்டும் என்பது பொது வழக்கு. ஒளியையே எழுதுகோலாகவும் மூலக்கூற்றையே தாளாகவும் கொண்டு எழுத இயலுமா? எழுதியதை ஒளியாலேயே படிக்கவும், வேண்டாதபோது அழிக்கவும் இயலுமா? இவ்வினாக்களுக்கு அறிவியலார் கண்ட விடைகளையும், அவ்விடைகளைக் காணும் வழியில் அவர்கள் சந்தித்த தடைகளையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வெயிலில் கறுக்கும் கண்ணாடி

வெயிலில் இறங்கியதும் கறுத்து, வீட்டிற்குள் வந்த சில நிமிடங்களில் தெளியும் மூக்குக்கண்ணாடியைப் பலரும் பார்த்திருப்பர். இக்கண்ணாடியைக் கறுக்கச் செய்வது கதிரவனின் ஒளியோடு வரும் புறஊதாக் கதிர். அது கண்ணுக்குப் புலப்படாது. காரின் முன்கண்ணாடி புறஊதாக் கதிரின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஆகவே, நண்பகலில் கார் ஓட்டுபவர் அணிந்திருக்கும் கண்ணாடி பெரும்பாலும் கறுப்பதில்லை.

ஒளி பட்டதும் ஒரு பொருளின் நிறம் மாறி, பின்னர் அது பழைய நிறத்திற்கே திரும்புவதை ஒளிநிறமாற்றம் என்பர். 1867ஆம் ஆண்டில் ஃபிரிட்சே என்னும் வேதியியலார், ஆரஞ்சு நிறமுடைய டெட்ராசீன் கரைசல் பகல் வெளிச்சத்தில் வெளுப்பதையும், இருளில் வைத்தால் மீண்டும் நிறம் பெறுவதையும் கண்டறிந்தார். 1960களில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்மிஸ்டெட், ஸ்டூக்கி ஆகியோர் வெள்ளி உப்பின் நுண்படிகங்களைக் கலந்து, வெயிலில் கறுக்கும் கண்ணாடியை உருவாக்கினர். இக்காலத்து நெகிழி வில்லைகளில் வெள்ளிக்கு மாறாகக் கரிமச் சேர்மங்கள் பயன்படுகின்றன.

மூலக்கூறு மாறுவது எவ்வாறு?

மடக்கிய குடையும் விரித்த குடையும் ஒரே குடைதான். வடிவம் மட்டுமே வேறு. ஒளிநிறமாற்ற மூலக்கூறும் அத்தகையது. ஸ்பைரோபைரான் என்னும் சேர்மத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இம்மூலக்கூற்றின் இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கின்றன. அந்நிலையில் அது கண்ணுக்குப் புலனாகும் ஒளியை உட்கவர்வதில்லை. எனவே நிறமற்றுத் தோன்றுகிறது. புறஊதாக் கதிர் பட்டால் அதிலுள்ள பிணைப்பு ஒன்று முறிகிறது. மூலக்கூறு விரிந்து தட்டையாகிறது. அதன் எலக்ட்ரான்கள் மூலக்கூறு முழுதும் பரவுகின்றன. அதனால் அது புலனாகும் ஒளியில் ஒரு பகுதியை உட்கவர்ந்து நிறம் பெறுகிறது. அணுக்கள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவை அமைந்த முறையே மாறியது.

நிறம் எழுத்தாகும் வகை

கணினிக்குத் தெரிந்த குறிகள் இரண்டே: 0, 1. தமிழின் முதல் எழுத்தாகிய 'அ' என்பதற்கு யூனிகோடு முறையில் வழங்கும் எண் 2949. அதனை இரும எண்ணில் எழுதினால் 101110000101 என வரும். ஒளிநிறமாற்றப் பொருள் பூசிய தகட்டில் பன்னிரண்டு புள்ளிகளை வரிசையாகக் குறிப்பதாகக் கொள்வோமானால், 1 வருமிடத்தில் புறஊதாக் கதிரைப் பாய்ச்சி நிறமேற்றலாம். 0 வருமிடத்தை வெறுமையாக விடலாம். ஆறு புள்ளிகள் நிறமுற்றும் ஆறு புள்ளிகள் நிறமின்றியும் நிற்க, 'அ' அத்தகட்டில் பதிவாகிவிடும். வேறு நிற ஒளியைப் பாய்ச்சினால் எழுதியது அழியும். தகடு மீண்டும் எழுதுவதற்கு ஆயத்தமாகும்.

இந்த எண்ணத்தை 1950களில் முன்வைத்தவர் இசுரேல் நாட்டு அறிவியலார் ஹிர்ஷ்பர்க். ஒளியால் எழுதி ஒளியால் அழிக்கும் நினைவகத்தை ஸ்பைரோபைரான் போன்ற சேர்மங்களைக் கொண்டு அமைக்கலாம் என அவர் கருதினார். எண்ணம் நன்று. ஆயினும், அது செயலாவதற்கு இரண்டு தடைகள் குறுக்கே நின்றன.

முதல் தடை: மறதி

கறுத்த கண்ணாடி, வெப்பத்தாலேயே பழைய நிலைக்குத் திரும்புகிறது. இதனால் ஒரு விந்தை நிகழ்கிறது. சிம்லாவின் சனவரிக் குளிரில் நன்றாகக் கறுக்கும் அதே கண்ணாடி, சென்னையின் மே மாத வெயிலில் அந்த அளவிற்குக் கறுப்பதில்லை. சென்னையில் வெயில் குறைவு என்பது இதற்குக் காரணமன்று. அங்கு நிலவும் வெப்பம், மாறிய மூலக்கூறுகளை உடனுக்குடன் திருப்பிவிடுகிறது.

கண்ணாடிக்கு இம்மறதி நன்மையே. வீட்டிற்குள் வந்ததும் அது தெளிந்தாக வேண்டும். ஆனால் நினைவகத்திற்கு மறதி பெருங்குறை. இன்று எழுதிய எழுத்து நாளை தானாக மறையுமாயின், அது ஏடாகாது.

இக்குறைக்கு 1988இல் ஒரு தீர்வு பிறந்தது. சப்பான் நாட்டைச் சேர்ந்த மசாஹிரோ இரியே, டைஅரைல்எத்தீன் என்னும் புதிய மூலக்கூற்று வகையை அறிமுகப்படுத்தினார். இம்மூலக்கூறு இரு சிறகுகளை உடையது போன்றது. புறஊதாக் கதிர் பட்டால் இரு சிறகுகளும் பிணைந்து ஒரு வளையம் மூடுகிறது, நிறம் தோன்றுகிறது. புலனாகும் ஒளி பட்டால் வளையம் திறக்கிறது, நிறம் மறைகிறது. இருளில் வைத்தாலோ இரு நிலைகளும் மாறாமல் நிற்கின்றன. ஒளி சொன்னால்தான் மாறும். வெப்பத்தின் சொல்லைக் கேளாது. இவ்வகையைச் சார்ந்த சில மூலக்கூறுகள் பத்தாயிரம் முறைக்கு மேலும் மூடித் திறந்தும் சிதையவில்லை.

இரண்டாம் தடை: படித்தால் அழியும்

எழுதியதைப் படிக்கவும் ஒளி வேண்டும். ஒரு புள்ளிக்கு நிறம் உண்டா, இல்லையா என்பதை அறிய அதன்மீது ஒளி பாய்ச்சவேண்டும். அவ்வொளியை மூலக்கூறு உட்கவர்ந்தால் அதுவும் சிறிது சிறிதாக மாறத் தொடங்கும். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் ஒரு சிறு பகுதி அழியும். பக்கத்தைப் புரட்டப் புரட்ட எழுத்து மங்கும் நூலை யாரால் பயன்படுத்த இயலும்?

இங்குத்தான் ஒளிரும் பொருள்கள் துணைக்கு வருகின்றன. சில பொருள்கள் ஓர் ஒளியை உட்கவர்ந்து, அதனினும் நீண்ட அலைநீளமுடைய வேறோர் ஒளியை உடனே உமிழ்கின்றன. இதனை உடனொளிர்வு என்பர். 1852இல் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர், கண்ணுக்குப் புலப்படாத கதிர் பட்ட குயினின் கரைசல் நீல ஒளி வீசுவதை ஆராய்ந்து இவ்வுண்மையை விளக்கினார். இந்திய ரூபாய்த் தாளைப் புறஊதா விளக்கின்கீழ் வைத்தால் அதன் எண்களும், தாளில் கலந்துள்ள நுண்ணிழைகளும் பளிச்சிடுவதும் உடனொளிர்வே. வங்கிகளில் கள்ளத் தாளைக் கண்டறிய இது பயன்படுகிறது.

ஒளிரும் உறுப்பு ஒன்றையும் வடிவம் மாறும் உறுப்பு ஒன்றையும் ஒரே மூலக்கூற்றில் இணைத்தால், ஒளியே அம்மூலக்கூற்றின் விளக்கை ஏற்றும்; ஒளியே அணைக்கும். 2002இல் இரியேயின் குழுவினர் இத்தகைய மூலக்கூறு ஒன்றை உருவாக்கி, தனியொரு மூலக்கூறு ஒளிர்வதையும் அணைவதையும் அளந்து காட்டினர். இருண்ட பின்னணியில் எழும் ஒளிர்வை மிக எளிதில் காணலாம். ஆகவே, மிகக் குறைந்த ஒளியைக் கொண்டே படித்துவிடலாம், அழிவும் குறையும். மூலக்கூற்றை மாற்றாத அலைநீளத்தைப் படிப்பதற்கெனத் தனியே தெரிந்தெடுப்பது மற்றொரு வழி.

இம்முயற்சிகளுக்கு ஊக்கம் தருவது இடச்சிக்கனம். 780 நானோமீட்டர் ஒளியால் படிக்கப்படும் குறுவட்டில் ஏறத்தாழ 700 மெகாபைட் அடங்கும். அதே அளவுள்ள புளூரே வட்டு, 405 நானோமீட்டர் ஒளியால் படிக்கப்படுவதால் ஓர் அடுக்கில் 25 கிகாபைட்டைத் தாங்குகிறது. அலைநீளம் குறையக் குறைய புள்ளியும் சிறிதாகிறது. ஒளிநிறமாற்ற மூலக்கூறோ ஒரு நானோமீட்டரை ஒட்டிய அளவே உடையது. எனினும், கடையில் வாங்கும் வட்டிற்கு ஈடாக இவ்வகை நினைவகம் இன்னும் பரவவில்லை. ஆய்வு தொடர்கிறது.

மறந்து வைத்த குப்பி

மனிதர் ஆய்வகத்தில் தேடியதை இயற்கையும் கடலுக்குள் படைத்து வைத்திருந்தது. சப்பானில் அட்சுசி மியாவாகியின் குழுவினர், பவளத்திலிருந்து கிடைத்த பச்சை ஒளிர் புரதம் ஒன்றை ஆராய்ந்து வந்தனர். ஒருநாள் அப்புரதம் இருந்த சிறு குப்பி ஒன்று மேசைமீதே விடப்பட்டது. மறுநாள் அது மட்டும் சிவந்திருந்தது. பெட்டிக்குள் இருந்த மற்றக் குப்பிகள் பச்சையாகவே இருந்தன. கெட்டுப்போயிற்று என்று கருதி அவர்கள் அதனைக் கொட்டிவிடவில்லை. வேறுபாட்டிற்குக் காரணம் தேடினர். வெளிச்சமே காரணம் எனத் தெரியவந்தது. இலையுதிர்காலத்தில் சிவக்கும் மேப்பிள் இலையைக் குறிக்கும் 'கயேடே' என்னும் சப்பானியச் சொல்லையே அப்புரதத்திற்குப் பெயராக வைத்து, 2002இல் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டனர்.

இதனால் விளைந்த பயன் பெரிது. நரம்பு உயிரணுக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், ஓர் உயிரணுவின் கிளை எதுவரை செல்கிறது என்று பிரித்தறிவது அரிது. பச்சையாக ஒளிரும் அக்கூட்டத்தில் ஓர் உயிரணுவின்மீது மட்டும் ஊதா ஒளியைப் பாய்ச்சினால், அது மட்டும் சிவந்து தன் கிளைகளைக் காட்டிவிடும். ஒளிர் மூலக்கூறுகளை ஒரே நேரத்தில் ஒளிரவிடாமல் சிலவற்றை மட்டும் ஏற்றி அணைக்கும் முறையால், சாதாரண நுண்ணோக்கிக்கு எட்டாத நுண்மைகளும் புலனாயின. அத்தகைய நுண்ணோக்கிகளை உருவாக்கிய பெட்சிக், ஹெல், மோர்னர் ஆகிய மூவரும் 2014இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

நிறத்தால் உணர்த்தும் உணர்வி

ஒளிரும் பொருள்கள் உணர்விகளாகவும் பயன்படுகின்றன. ஒரு பொருள் இருந்தால் ஒளி மங்கும் என்னும் வகையில் உணர்வி அமைந்திருந்தால் ஓர் ஐயம் எழும். மங்கியதற்குக் காரணம் அப்பொருளா, அல்லது விளக்கின் வலிமை குன்றியதா? நிறம் மாறும் உணர்வியில் இவ்வையம் பெரிதும் நீங்குகிறது. விளக்கு மங்கினால் இரு நிறங்களும் ஒருசேர மங்கும்; அவற்றின் விகிதம் மாறாது. விகிதம் மாறியதெனில் பொருளின் அளவு மாறியிருக்கிறது என்று பொருள். 1985இல் ரோஜர் சியென் குழுவினர் வெளியிட்ட சாயம் ஒன்று, உயிரணுவிற்குள் கால்சியத்தோடு சேர்ந்தால் தன் ஒளிர்நிறத்தை ஊதாவை நோக்கி மாற்றிக் கொள்கிறது. கால்சியத்தின் ஏற்றத்தாழ்வை உயிருள்ள நிலையிலேயே அளக்க இது உதவியது.

கண்ணுக்குள் ஒரு மூலக்கூறு

இத்தகைய மூலக்கூறு ஒவ்வொருவர் கண்ணிலும் உள்ளது. விழித்திரையில் இருக்கும் ரெட்டினால், வளைந்த வடிவமுடையது. ஒளி பட்டதும் அது நிமிர்கிறது. அந்நிமிர்வே பார்வைக்கு முதற்படி. அதிலிருந்தே மூளைக்குச் செய்தி புறப்படுகிறது. உடல் ரெட்டினாலை உண்டாக்குவதற்கு வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் மங்கிய வெளிச்சத்தில் பார்வை தடுமாறும். இக்குறையைத் தமிழர் மாலைக்கண் என்பர். முருங்கைக்கீரையும் கேரட்டும் பப்பாளியும் உணவில் இடம்பெற வேண்டும் என வீட்டில் பெரியோர் வற்புறுத்துவதற்கு, இம்மூலக்கூறும் ஒரு காரணமாகும்.

சொற்பொருள்

உட்கவர்தல் – உள்ளே ஈர்த்துக்கொள்ளுதல்
உமிழ்தல் – வெளிவிடுதல்
உடனொளிர்வு – ஒளி பட்டவுடன் வேறு ஒளி வீசுதல்
உணர்வி – ஒரு மாற்றத்தை அறிந்து காட்டும் கருவி அல்லது பொருள்
ஐயம் – சந்தேகம்
ஆயத்தம் – தயார் நிலை

பயிற்சி

1. நண்பகலில் கார் ஓட்டுபவரின் ஒளிநிறமாற்றக் கண்ணாடி பெரும்பாலும் கறுப்பதில்லை. ஏன்?
2. கண்ணாடிக்கு நன்மையாகும் 'மறதி' நினைவகத்திற்குக் குறையாவது எவ்வாறு? விளக்குக.
3. மேசைமீது விடப்பட்ட குப்பியைக் கொட்டியிருந்தால் எவற்றை அறியாமல் போயிருப்பர்? உம் சொந்த நடையில் எழுதுக.
4. ஒளி மங்கும் உணர்வியைவிட நிறம் மாறும் உணர்வி நம்பத்தக்கது எனக் கூறக் காரணம் யாது?
5. 'ஆ' என்னும் எழுத்தின் யூனிகோடு எண் 2950. அதனை இரும எண்ணாக மாற்றி, பன்னிரண்டு புள்ளிகளாக வரைந்து வண்ணம் தீட்டுக.
6. பிரித்து எழுதுக: இவ்வினாக்கள், மாலைக்கண், முதற்படி.